தவறு யாருடையது என்று கேட்காத சட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குப் போய்வருகிறவர்கள், வீரமாகாளியம்மன் கோயில் வாசலிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வரையில், வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்துவிட்டு ஊருக்குப் பணம் அனுப்பவும் உறவினரைக் காணவும் திரளுகின்ற நம் பிள்ளைகளுக்கிடையே, கையிலோ காலிலோ கட்டுப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும் ஒருவரிருவரையும் கண்டிருப்பார்கள். அப்படி நின்ற ஓர் இளைஞனிடம் சில வாரங்களுக்கு முன் நான் பேச்சுக் கொடுத்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. நஷ்டஈடு கேட்டாயா தம்பி என்றதற்கு அவன், “என் தப்புதாண்ணே. மிஷினுக்குள்ள கையை விட்டது நான்தானே, கம்பெனியை எப்படிக் கேக்குறது?” என்றான்.

அந்த வார்த்தைதான் இன்று இங்கே என்னைப் பேசவைக்கிறது. நேர்மையான உள்ளத்திலிருந்து பிறந்த வார்த்தை அது; ஆயினும் சட்டத்தை அறியாததனால் பிறந்த வார்த்தை.

ஒரு காலத்தில் அவன் சொன்னதே சட்டமாகவும் இருந்தது. இங்கிலாந்தின் பழைய நியாயப்படி, அடிபட்ட தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய் முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். குற்றம் உடன் வேலை செய்தவனுடையது என்றாலும், தன்னுடையது என்றாலும், அபாயம் தெரிந்தே வேலைக்கு வந்தான் என்றாலும் அவன் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். இயந்திரங்கள் பெருகி அங்கஹீனர்களும் பெருகிய பின்னர், 1897-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அந்தப் பழைய நியாயத்தை மாற்றி, வேலையினால் விளைந்த காயத்துக்கு வேலை கொடுத்தவனே பொறுப்பு என்று விதித்தது. இந்தியாவில் 1923-இல் அதே தத்துவத்தில் ஒரு சட்டம் வந்தது. சிங்கப்பூரின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் 2008-இல் உடலுழைப்பாளர் அல்லாத ஊழியர்களுக்கும் விரிந்து, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறி, மீண்டும் புதிதாக இயற்றப்பட்டு, 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடிபோதையிலோ கைகலப்பிலோ வந்த காயம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வேலையின்போது வேலையினால் நேர்ந்த காயத்தில் தவறு யாருடையது என்ற கேள்வியையே அது எழுப்புவதில்லை. முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும் அதில் அடங்கும். உணவு கொண்டுசெல்லும் தளமேடை ஊழியர்களுக்கும் 2025 ஜனவரி முதல் வேறொரு சட்டத்தின் வழியே இதற்கு நிகரான பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்கள் இச்சட்டத்துக்கு வெளியே, தனியான விபத்துக் காப்புறுதியோடு நிறுத்தப்பட்டிருப்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

கிடைப்பது என்ன? எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு நாள்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளியாயின் 14 நாள் வரையிலும், மருத்துவமனை விடுப்பாயின் 60 நாள் வரையிலும் முழுச் சம்பளம், அதற்கு மேல் ஓராண்டு நிறையும் வரை மூன்றில் இரண்டு பங்கு. சிகிச்சைச் செலவு உண்டு. உடலில் நிரந்தரமாகக் குறை தங்கிவிட்டால் மொத்தமாக ஒரு தொகை உண்டு. அந்தத் தொகையைப் பற்றித்தான் தேக்காவில் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். “உனக்கு எத்தனை பாயிண்ட்?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது, மருத்துவர் எழுதித் தரும் அந்தக் குறைபாட்டின் சதவிகிதத்தைத்தான்.

கணக்கு மிக எளியது. மாதச் சராசரி வருமானத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, அதில் அந்தப் பாயிண்ட் சதவிகிதத்தைக் கணக்கிட வேண்டும். 40 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்க்கு அந்த எண் 181. வயது ஏற ஏறக் குறைந்து, 66-ஐ எட்டியவர்க்கு 72. மாதம் 800 வெள்ளி ஈட்டிய இளைஞனுக்குப் பத்துப் பாயிண்ட் என்றால், 14,480 வெள்ளி. மாதம் 1,600 வெள்ளி ஈட்டியவனுக்கு அதே விரலுக்கு, அதே வேதனைக்கு, இரண்டு மடங்கு. இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுக்காரர்க்கும் எண் ஒன்றேயாக இருப்பதை நான் ஒப்ப முடியவில்லை. குறைபட்ட கையோடு அதிக வருஷங்கள் வாழப்போகிறவன் இளையவன் அல்லவா?

தொகைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளில், முழுமையான நிரந்தர ஊனத்துக்கு 1,16,000 வெள்ளிக்குக் குறையாமலும் 3,46,000-க்கு மிகாமலும், உயிரிழப்பாயின் ஊரில் அவனை நம்பியிருந்தவர்களுக்கு 91,000 முதல் 2,69,000 வெள்ளி வரையிலும் கிடைக்கும். மருத்துவச் செலவின் உச்சம் 53,000 வெள்ளி, அல்லது ஓராண்டுச் சிகிச்சை, இவற்றுள் எது முந்துகிறதோ அது.

இதில் ஒரு நுட்பத்தை நம்மவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அடிப்படைச் சம்பளம் 500 வெள்ளியும், ஓ.டி. எனப்படும் மிகைநேரச் சம்பளம் சேர்ந்து 800 வெள்ளியுமாக வாங்குகிறவனுக்கு, சட்டம் கணக்கில் கொள்ளும் வருமானம் ஓ.டி.யையும் சேர்த்ததே. அதை மறைத்து 500 என்றே கணக்குப் போட்டால், அதே பத்துப் பாயிண்டுக்குக் கீழ்வரம்பின்படி 11,600 வெள்ளிதான் வரும். இழப்பு 2,880 வெள்ளி, அதாவது மூன்றரை மாதத்துக்கும் மேலான உழைப்பு. ஆகையால் விபத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

வலிக்கும் வேதனைக்கும் இந்தச் சட்டத்தில் தனித் தொகை கிடையாது. அதைக் கேட்க விரும்புகிறவர் சிவில் வழக்குத்தான் தொடர வேண்டும். அங்கே மேல்வரம்பு இல்லை, ஆனால் முதலாளியின் அஜாக்கிரதையை நிரூபிக்கும் பழைய பாரம் திரும்பவும் தலைமேல் ஏறும். தன் கவனக்குறைவுக்கு ஏற்பத் தொகையும் குறையும். இரண்டு வழிகளிலும் பெற முடியாது. எந்த வழி என்பதை வழக்கறிஞரிடம் கேட்டபின் முடிவு செய்வதே உசிதம்.

காயம் ஒரு நாள் எம்.சி.யையோ லைட் டூட்டியையோ தந்தாலும், முதலாளி பத்து நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஏதோ கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதி வாங்கும் காகிதத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. வேலை அனுமதி ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் என்னும் தற்காலிக அனுமதியில் மாதக்கணக்காகக் காத்திருக்கும் துயரம் உண்மையே. அத்தகையோருக்கு இலவச உணவளிப்பதற்காகவே 2008-இல் லிட்டில் இந்தியாவில் தொடங்கிய கஃப் ரோடு திட்டம் இன்னும் பலருக்கு ஜீவாதாரமாக இருக்கிறது. சிராங்கூன் சாலையில் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கிறது. அங்கே தமிழிலேயே முறையிடலாம்.

அந்த இளைஞனிடம் விபத்து நடந்த தேதியைக் கேட்டேன், ஏனெனில் விபத்து நடந்த ஓராண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அவன் இடது கையால் கைப்பேசியைத் துழாவி, மருத்துவமனையில் எடுத்த முதல் படத்தைக் காட்டினான். ஏழு மாதம் முடிந்திருந்தது. இன்னும் ஐந்து மாதம் இருந்தது.