போன மின்சாரம் திரும்பி வரவேண்டும்



மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வந்தது. அதுவரை அங்கே பாதைதான். வெளியூர் நேயர்கள் குழம்பிவிடக் கூடாது. துறையடியில் 'பாதை' என்று நாங்கள் சொல்வது வீதியை அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை.

அம்பிளாந்துறையில் அப்படியொரு பாதையில் மோட்டார் சைக்கிளோடு ஏறி, குருக்கள்மடத்துப் பக்கம் வந்து இறங்கினேன். மார்கழி மாதம், விடியற்காலை, தூறல். பாதையில் ஏறும்போது எஞ்சினை நிறுத்தியிருந்தோம். கரை தட்டியதும் முன்னாலும் பின்னாலும் நின்ற மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு மேலேறிப் போயின. என்னுடையது மட்டும் 'டிக், டிக், டிக்' என்றது. பின்னால் நின்ற இரண்டு பொடியன்கள் தள்ளிவிட, ஒருவாறு வீடு வந்தேன்.

அன்றைக்கே புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். பத்து நாள் ராசா மாதிரி ஓடியது. பதினோராம் நாள் மறுபடியும் அதே 'டிக், டிக்'.

ஊரில் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவரின் கராச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பற்றரியைத் தொடவேயில்லை. குனிந்து, பற்றரியின் கறுப்பு வயர் கீழே போய் எஞ்சினில் பூட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தார். போல்ட்டின் தலையில் துரு, வயர் நுனியில் பச்சைப் பூப்பு. விரலால் ஆட்டினார், ஆடியது. "பாதை அக்கரைக்குப் போனா மட்டும் போதுமா மனே? மறுகா திரும்பி வரவேணுமே" என்றார்.

மோட்டார் சைக்கிளின் மின்சார விஷயம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும். பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டரைச் சுற்றிவிட்டு, எஞ்சினின் உலோகம் வழியாக நெகற்றிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியில் துரு இருந்தால் மோட்டருக்கு வேண்டிய வலு கிடைக்காது. ஓடும்போது பற்றரிக்குள் போகவேண்டிய சார்ஜும் சரியாகப் போகாது. கடையில் நிறைத்துத் தந்த சார்ஜ் பத்து நாளில் தீர்ந்ததற்கு அதுதான் காரணம். கடல் உப்பும் வாவி ஈரமும் கலந்த நமது காற்று, இரும்பும் செம்பும் சந்திக்கும் இடங்களைத்தான் முதலில் தின்னும்.

ஆகவே, நேயர்களே, காசை எடுக்குமுன் காதைக் கொடுங்கள்.

செல்ப் சுவிச்சை அமத்தும்போது ஒரு சத்தமுமில்லையா? எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிச், சைட் ஸ்ராண்ட், கிளச், பியூஸ் நான்கையும் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். 'டிக், டிக், டிக்' என்று அடித்து, வேக மீற்றருக்குப் பக்கத்தில் எரியும் பச்சை நியூட்ரல் லைற் மங்குகிறதா? பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது வயர் தொடுப்பு சரியில்லை. ஒரேயொரு 'டக்', ஆனால் லைற் மங்கவில்லையா? ரிலேயிலோ ஸ்டார்ட்டர் மோட்டரிலோ கோளாறு. எஞ்சின் பலமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? பற்றரியை விட்டுவிடுங்கள். பிளக்கையும் பெற்றோலையும் பாருங்கள். மாரி காலத்தில் பிளக் மூடிக்குள் ஈரம் போயிருக்கும். கழற்றித் துடைத்தாலே பல வண்டிகள் பிடித்துவிடும்.

காதுக்குப் பிறகு மீற்றர். பள்ளிக்கூடத்தில் பல்மானி என்று படித்தோமே, அதுதான். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பற்றரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ற் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட வெறுமை. செல்ப் அமத்தும்போது 10க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது சார்ஜ் போதவில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சற்று முறுக்கிப் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. அது பற்றரியைக் கொதிக்கவைத்தே கொன்றுவிடும்.

பாஸ் எனக்குக் காட்டித்தந்த சோதனை இன்னொன்று. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ப்பை அமத்த வேண்டும். திரும்பும் வழி நல்லதென்றால் மீற்றர் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அரை வோல்ற்றைத் தாண்டினால் வழியில் எங்கோ துரு. என்னுடைய வண்டியில் ஒன்றரைக்கு மேல் காட்டியது.

துருவை எடுக்கக் கடைச் சாமான் தேவையில்லை. முதலில் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பொசிற்றிவ். பூட்டும்போது மாறி: முதலில் பொசிற்றிவ், கடைசியில் நெகற்றிவ். இந்த ஒழுங்கைப் பிடித்தால் ஸ்பானர் தவறுதலாகச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பற்றரி முனையில் பூத்திருப்பதை, அடுப்படியில் இருக்கும் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பற்றரிக்குள் மட்டும் விழக் கூடாது. எஞ்சினில் பூட்டும் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம். சார்ஜ் ஏறும் பற்றரி ஐதரசன் விடும்.

மூடி திறக்கும் பற்றரியென்றால் உள்ளே தண்ணீர் மட்டத்தையும் கவனியுங்கள். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. நமது கிணறுகளில் எது உப்பு, எது நல்லது என்று நாக்குக்குத் தெரியும், பற்றரிக்கு இரண்டுமே நஞ்சுதான். வெள்ளத்தில் வண்டி அமிழ்ந்திருந்தால் செல்ப்பில் கையே வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் எஞ்சினே உடையும். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் எல்லா வண்டிக்கும் சரிவராது: காபரேற்றர் வைத்த பழைய வண்டி இரண்டாம் கியரில் பிடித்துக்கொள்ளும், இன்ஜெக்ஷன் வண்டியில் பெற்றோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும், அடியோடு செத்த பற்றரியுடன் தள்ளினால் வியர்வைதான் மிச்சம்.

இவ்வளவு கவனம் ஏன்? 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் நம்மைச் சுமந்தவை பழைய வண்டிகளே. அவற்றின் நோய் பல நேரம் வயதல்ல, இப்படி ஒரு துருப்பிடித்த போல்ட்தான்.

பாஸ் என்னிடம் வாங்கிய கூலி ஒரு பிளேன்ரீக் காசுக்குச் சற்று மேலே. "கழற்றின பழைய பற்றரி எங்க?" என்று கேட்டார். பின்வளவில் கிடந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் போனபோது ஊரெல்லாம் கரண்ட் இல்லை. அவருடைய கராச்சில் மட்டும் ஒரு சின்ன லைற் எரிந்துகொண்டிருந்தது. கீழே மேசையில் இருந்தது, நான் செத்துப்போனதென்று கழற்றி எறிந்த பற்றரி.