ஓட்டும் கொள்ளிவாய்ப் பிசாசும்

(பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேசும்படி குறிக்கப்பட்டிருக்கும் விஷயம், "ஓட்டர்களும் சுற்றுச்சூழலும்" என்பதாகும். ஓட்டுப் போடுகிறவனுக்குக் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் என்ன அபிப்பிராயம் இருக்கப் போகிறது என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஏன் இல்லை? முகத்துவாரம் ஏன் தூர்ந்து போகிறது, இறால் ஏன் குறைந்தது, கரை ஏன் அரிக்கிறது என்று கேட்டால் இந்தக் குப்பத்துக் கிழவியும் ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் கோயிலுக்குப் போகிறவன் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவதுபோல, ஓட்டுச்சாவடிக்குப் போகிற நாம் நம் அபிப்பிராயத்தை வெளியே விட்டுவிட்டுப் போகிறோம். உள்ளே போன பிறகு நம் கையை நடத்துவது எது? ஜாதி, இரவில் வந்த நோட்டு, கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியம். இவை மூன்றுக்கும் ஏரி தெரியுமா, காற்று தெரியுமா?

தோழர்களே! மீத்தேன் என்ற வாயுவைப் பற்றிச் சொல்லுகிறேன். பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் பழைய ஆள்தான். சதுப்பு நிலத்தில் இரவில் திடீரென்று தெரிந்து மறையும் நெருப்பை நம் பாட்டன்மார் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். பயந்தவனுக்கு மந்திரித்தார்கள், மந்திரித்தவன் கோழியும் காசும் வாங்கிக்கொண்டு போனான். 1776-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்தில் வோல்ட்டா என்பவர், ஓர் ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து அடைத்து நெருப்பு வைத்துப் பார்த்தார்; எரிந்தது. பிசாசு குப்பிக்குள் அடைபட்டது! மந்திரம் சொல்லி அல்ல, சோதித்துப் பார்த்து.

அழுகுகிற பொருளுக்குக் காற்றுப் படாவிட்டால் இந்த வாயு உண்டாகும். நீர் தேங்கிய நெல்வயலிலும், மாட்டின் வயிற்றிலும், ஊர்க்குப்பை மேட்டிலும் உண்டாகிறது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் கசிகிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்ததே, அங்கே குப்பைக்கு அடியில் ஊறியிருந்ததும் இதுதான். எண்ணூர்த் துறைமுகத்தில் 2019-இல் திறந்தார்களே, கப்பலில் வரும் எரிவாயுவை இறக்கும் நிலையம், அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர வைத்துத் திரவமாக வந்து இறங்குவதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே பிசாசு நமக்கு அடுத்த ஊரில் கம்பெனி நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரித்தால் பயன்படும் இந்த வாயு, எரியாமல் காற்றில் கலந்தால் பூமிக்குப் போர்வையாகிவிடும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் சுமார் 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிறது. யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இன்று காற்றில் சேர்ந்திருக்கிறது. பூமி சூடானால் கடல் உயர்கிறது. நம் ஏரியின் ஆழம் சராசரி ஒரு மீட்டர் அளவுதான்; கடல் கொஞ்சம் உயர்ந்தாலும் முதலில் நனையப் போவது யாருடைய வீடு? ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். மீத்தேனோ பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கரைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

2021-இல் கிளாஸ்கோ நகரில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவிகிதம் குறைப்பது என்று பல தேசங்கள் உறுதி சொல்லின. இப்போது அது 150 தேசங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தியா அதில் சேரவில்லை. ஏழைக் குடியானவனுடைய நெல்லும் மாடும் பாதிக்கப்படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் இருக்கிறது. உழவன் வயிற்றில் அடித்துக் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டாம். ஆனால் குப்பை மேடு குடியானவனுடையதா? சுரங்கமும் குழாயும் குடியானவனுடையவையா? ஏழையை முன்னால் நிறுத்திப் பணக்காரன் பின்னால் ஒளிந்துகொள்ள நாம் ஏன் இடங்கொடுக்க வேண்டும்?

"நாம் கேட்டால் நடக்குமா?" என்பீர்கள். நடந்திருக்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு 2010-இல் ஒப்பந்தம் ஆகி, 2011-இல் மாகாண சர்க்காரும் கையெழுத்துப் போட்டது. நிலத்தடி நீர் வற்றினால் நெல் எங்கே என்று குடியானவர்கள் கேட்டார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சுற்றிப் பிரசாரம் செய்து, அந்த வேலையிலேயே 2013 டிசம்பரில் உயிர் விட்டார். அதே வருஷம் தடுத்து நிறுத்தப்பட்ட திட்டம், 2015-இல் தடை செய்யப்பட்டது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டமே வந்தது. ஒரு கட்சி கையெழுத்துப் போட்டது. இன்னொரு கட்சி தடுத்தது. இரண்டுக்கும் புத்தி சொன்னவன் ஓட்டர்.

உங்கள் கதைக்கே வாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராக விஸ்தரிக்க அதானி கம்பெனி திட்டம் போட்டது. நீங்கள் ஒன்றாக எதிர்த்தீர்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. 2021 எலக்ஷனில் திரு. ஸ்டாலின் அவர்களே அதை அனுமதிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கும்படி ஆயிற்று. ஏன்? கடற்கரை ஓட்டுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்று கட்சிக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தள்ளிவைப்பது வேறு, கைவிடுவது வேறு. வாக்குக் கொடுத்தவனை மறக்கவிடாமல் வைத்திருப்பது நம் வேலை.

முகத்துவாரம் தூர்ந்தால் அம்மனுக்குக் கோபம் என்று பொங்கல் வைக்கிறீர்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது. நடுவில் கல்லைக் கொட்டி அணை கட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை அரிக்கும். ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் முகத்துவாரம் அடைபடும். அம்மனிடம் மனுக் கொடுத்தால் கல்லைக் கொட்டியவனுக்கு நிம்மதி. உங்களை யாரும் அவனிடம் அனுப்ப மாட்டார்கள்!

இன்னொன்று சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். சீட்டுப் போட்டு முறை வைத்து வலை விடும் உங்கள் பாடு முறை, ஒழுங்கில் மிகவும் மெச்சத்தக்கதுதான். ஆனால் அதில் ஒரு ஜாதிக்குத்தானே இடம்? கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும், சேரியிலிருந்து வரும் தோழரும் இந்த ஏரிக்கு அந்நியர்களா? எண்ணெய் மிதந்தால் எல்லார் வலையும்தான் கறுக்கும். ஏரியைக் கேட்கும்போது நாம் நான்கு ஜாதியாக நின்று கேட்டால், பதில் சொல்லவேண்டியவன் நான்கு கவர் கொண்டுவந்து முடித்துக்கொள்வான்.

எங்கள் இயக்கம் எலக்ஷனுக்கு நிற்பதில்லை. ஆகவே யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொன்னேரித் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். துறைமுக விஸ்தரிப்பைக் கைவிடுவாயா? முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க என்ன செய்வாய்? குப்பை மேட்டிலும் குழாயிலும் கசியும் வாயுவை யார் அளப்பது, அளந்த கணக்கை எங்களுக்குக் காட்டுவாயா? பதிலை எழுதி வாங்கிக் குப்பத்துப் பொதுவிடத்தில் ஒட்டி வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அவர் திரும்பி வரும்போது, மாலைக்கு முன் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

நோட்டு ஒரு நாளில் செலவாகிவிடும். ஏரி உங்கள் பேரப்பிள்ளைக்கு வேண்டும். இதை யோசித்து உங்களுக்குச் சரியென்று பட்டபடி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.