மூன்று மாத ஆசிரியருக்கு ஒரு சிலை



மதுரை மாநகரில் சேதுபதி உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டு. இன்று அது மேல்நிலைப் பள்ளி. அதன் முன்னே மகாகவி பாரதியின் சிலை நிற்கின்றது. பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் அதற்கு மாலை சூட்டுகின்றனர். அப்பள்ளியில் பாரதி எத்தனை காலம் கற்பித்தார் தெரியுமா? 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, ஏறத்தாழ மூன்றே மாதங்கள்!

அதுவும் நிரந்தரப் பதவியன்று. அங்கு தமிழாசிரியராக விளங்கியவர் அரசஞ் சண்முகனார். தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தியுரை கண்ட பேரறிஞர் அவர். அன்னார் விடுப்பிற் சென்றபோது அவர் இடத்தை நிரப்ப வந்தவரே இருபத்தொரு வயதுச் சுப்பிரமணிய பாரதி. எட்டயபுரத்து அரசவையை விட்டு வந்த இளைஞருக்குக் கிடைத்தது பிறர் நாற்காலி. சண்முகனார் திரும்பினார், பாரதி சென்னைக்குச் சென்று ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் உதவியாசிரியரானார். பின்னர் நடந்தவற்றை நாடறியும்.

அப்புலவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவரைப் போன்றோர் காத்த தமிழின் மேலன்றோ பாரதியின் புதுமை முளைத்தது? எனினும், மரபு அமர்ந்த நாற்காலியிற் புதுமையும் சில நாள் அமர இடம் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தவர் நம் மட்டக்களப்பு தந்த விபுலாநந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகிய அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்தபோது, புலவர் பலர் பாரதியைப் பொருட்படுத்தாத அந்நாளிலேயே அவர் கவிதையைப் போற்றிப் பரப்பினார்.

நேயர்களே, இச்சிலையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நாணம் உண்டாகும். நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றில், தொண்டர் ஆசிரியராய் ஓர் இளைஞர் வந்தார். ஆசிரியர் அறையில் அவர் சுவரோரம் நின்றே தேநீர் அருந்துவார். பட்டதாரியாகிய நானோ நிரந்தர நியமனம் பெற்றவன். “இருங்கோ தம்பி” என்று ஒருநாளேனும் சொன்னேனில்லை. அவர் கவிதை எழுதுபவர் என்பதை மாணவர் அறிந்திருந்தனர், நான் அறிந்திருக்கவில்லை. ஒரு தவணை முடிய அவர் போய்விட்டார்.

கல்லில் நிற்கும் பாரதிக்கு மாலை சூட்டுவது எளிது. உயிரோடு நம் அறைக்கு வரும் இளைஞருக்கு ஒரு கதிரையை நகர்த்தி வைப்பதே அச்சிலைக்கு நாம் செய்யும் உண்மை வழிபாடாகும்.