பரணில் கிடக்கும் காமிரா



ஊருக்கு ஒரு புகைப்பட நிலையம் இருந்த காலம் ஒன்று உண்டு. திருமணம், காதணி விழா, பள்ளியிறுதி வகுப்பின் பிரிவு உபசாரம் எதுவாயினும் அங்கிருந்து ஒருவர் முக்காலியைத் தோளில் சுமந்து வந்து நிற்பார். அந்நிலையங்கள் பல இன்று கணினி அச்சுக் கடைகளாகிவிட்டன. அவற்றில் உழைத்த காமிராக்களும், வீடுகளில் ஆசையோடு வாங்கிய சிறு காமிராக்களும் பரணில் ஏறிவிட்டன. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைவினைஞரோ பெருநகரங்களில்கூட அருகிவிட்டனர். ஆதலின், அக்கருவி மறுபடியும் கண் திறக்க வேண்டுமானால் அதை வைத்திருப்பவரே திருப்புளியைக் கையில் எடுத்தாக வேண்டும். இல்லையேல் அது பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். தேவதானப்பட்டியில் என் வீட்டுத் திண்ணையில் இப்பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்குவோர்க்கு அதில் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் எந்தக் காமிராவில் கை வைப்பது? விலையுயர்ந்த ஜப்பானியக் காமிராவில் அன்று. நம் நாட்டில், பரோடாவில், நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் ஜெர்மானிய ஆக்ஃபா பெயரில் ‘கிளிக் மூன்று’ என்றொரு காமிராவைச் செய்தது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதற் காமிரா. பிளாஸ்டிக் உடம்பு, எளிய லென்ஸ், ஒரு சுருள்வில்லால் இயங்கும் ஷட்டர், அவ்வளவே. இதன் பாட்டனார் 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோடக் நிறுவனம் ஒரு டாலர் விலைக்கு விற்ற பிரௌனிப் பெட்டி. அடுத்த ஆண்டு, 1901இல், அதே நிறுவனம் புகுத்திய 120 எண் பிலிம் இன்றும் உற்பத்தியாகிறது. கிளிக் காமிராவில் பொருந்துவதும் அதுவே. ஒரு சுருளில் சதுரப் படம் பன்னிரண்டு கிடைக்கும். நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் அளவு மாறாத பண்டம் உலகில் எத்தனை இருக்கும்?

பிலிமைப் பற்றி ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் நம் மண்ணிலேயே பிலிம் செய்து தந்தது. பின்னாளில் அது நலிந்து மூடப்பட்டது. இன்று நாம் வாங்கும் சுருள் கடல் கடந்து வருவது, விலையும் அதற்கேற்பவே. எனவே ஒரு சுருளை வீணாக்காதபடி காமிராவை முன்கூட்டியே சோதித்தறிவது இன்றியமையாததாகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பரணிலிருந்து இறக்கிய காமிராவின் பின்கதவை உடனே திறந்துவிடலாகாது. உள்ளே பிலிம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் எண் ஏதும் தெரிகிறதா? பிலிம் சுற்றும் குமிழைச் சிறிதே திருப்பினால் இறுக்கம் தென்படுகிறதா? ஆம் எனில், இரவில், சாளரமில்லாத அறையில், கம்பளிப் போர்வைக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். பிலிமில் பதிந்த ஒளி, கழுவப்படாமலே பல பத்தாண்டுகள் காத்திருக்கக் கூடியது. 1897இல் வட துருவத்தை நோக்கிப் பலூனில் சென்று மாண்ட ஆந்திரே என்னும் சுவீடன் நாட்டவரின் குழு எடுத்த பிலிம்கள், 1930இல் பனிக்கட்டிக்கிடையே கண்டெடுக்கப்பட்டு, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் கழுவப்பட்டபோது படங்கள் தெரிந்தன.

அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மையார் காலஞ்சென்ற கணவரின் கிளிக் காமிராவைக் கொண்டுவந்து கொடுத்தார். “தம்பி, இது ஓடாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே அவர் எடுத்த படம் ஏதாவது இருந்தால் மட்டும் பாருங்கள்” என்றார். உள்ளே சுருள் இருந்தது. இருளில் எடுத்துக் கழுவினேன். பன்னிரண்டில் எட்டுப் படம் மூட்டமாகிப் போயிற்று. மற்ற நான்கில், வாசற்படியில் நிற்கும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மிதிவண்டியும் தெரிந்தன. படம் எடுத்தவர் எதிலும் இல்லை. எடுத்தவர் எப்படி இருப்பார்? ஆயினும் அவ்வம்மையார் அந்நான்கையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்பட்டுப் பகல் வெளிச்சத்தில் கதவைத் திறந்திருந்தால் அந்நான்கும் அந்நொடியே போயிருக்கும். எங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே பூசை நடைபெறுகிறது. அந்த ஊர்க்காரன் ஆதலாலோ என்னவோ, மூடிய பெட்டியிடம் எனக்கு மரியாதை சற்று அதிகம்.

கருவிகள் மிகுதியாக வேண்டியதில்லை. கடிகாரம் பழுது பார்ப்போர் வைத்திருக்கும் சிறு திருப்புளித் தொகுதி, ஒரு சிமிட்டா, காற்றூதும் ரப்பர்க் குமிழ், லென்ஸ் துடைக்கும் மென்தாள், வெள்ளைத் துணி விரித்த மேசை. ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் கைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றிய திருகாணிகளைத் தாளில் ஒட்டுநாடாவால் வரிசையாக ஒட்டி, எது எங்கிருந்தது என எழுதி வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அவ்வரிசையைத் தலைகீழாகப் படித்தால் போதும்.

ஷட்டர் ஒட்டிக்கொள்வதே பழைய காமிராக்களில் மிகுதியாகக் காணும் நோய். உடனே எண்ணெய் விடத் தோன்றும். அது கூடவே கூடாது. ஷட்டர்த் தகடுகள் உலர்ந்து இருக்க வேண்டியவை. எண்ணெய் படிந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தூசியும் சேரும். லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் துடைத்து, உலரவிட்டு, ஷட்டரைப் பலமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். அத்திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையில் இவ்வேலை வேண்டாம். இயக்கம் சரியானதா என்பதை அறியவும் கைபேசியே உதவும். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி பல உள்ளன. வேகம் மாற்றக்கூடிய ஷட்டரில், முப்பதில் ஒரு நொடி என்று குறித்த வேகத்தில் எட்டுப் படங்களில் ஷட்டர் திறந்திருக்கக் காணவேண்டும். பத்து இருந்தாலும் கவலை வேண்டாம். கறுப்பு வெள்ளை பிலிம் சற்று மிகுதியான ஒளியைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பினது.

பெட்டிக் காமிராவில் கை பழகியவர் அடுத்து மடிப்புக் காமிராவுக்குச் செல்லலாம். ஆக்ஃபா நிறுவனம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்த ஐஸோலெட் காமிராக்களில் ஒரு தனிக்குறை உண்டு. முன்லென்ஸ் திருகில் இட்ட பச்சைப் பசைநெய், ஆண்டுகள் செல்லச் செல்ல அரக்குப்போல் இறுகிவிடும். முரட்டுத்தனமாகத் திருகுவதற்கு முன், லென்ஸ் வளையத்தில் அதன் நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் அத்திரவத்தைச் சொட்டவிட்டுக் காத்திருந்து, சிறிது சூடுகாட்டித் திருகினால் இளகிக் கொடுக்கும். தோல் துருத்தியில் ஓட்டை உண்டா என அறிய, இருட்டறையில் துருத்திக்குள் சிறு விளக்கை ஏற்றி வெளியிலிருந்து பார்ப்பது வழக்கம். மூலைமடிப்புகளில் விண்மீன்போல் புள்ளிகள் மின்னும். கறுப்பு நிறம் கலந்த நெகிழும் பசையால் அவற்றை அடைக்கலாம்.

மறுபடி பூட்டிய லென்ஸின் தூரக்குறி சரியா என்பதை எங்கள் ஊரார் எளிதில் அறியலாம். பிலிம் ஓடும் சட்டத்தின் குறுக்கே, படியெடுக்கும் மெல்லிய தாளை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, காமிராவை வடக்கே கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்ப வேண்டும். மலை தாளில் தலைகீழாக விழும். தூரக்குறி முடிவிலியில் இருக்கும்போது முகட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் லென்ஸ் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது. காலை வேளையே இதற்கு உகந்தது. மாலையில் மேகம் இறங்கிவிடும்.

பூஞ்சணம் நம் பக்கத்து எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையடிவாரத்தின் ஈரம் வீட்டுக்குள் வரும். லென்ஸில் சிலந்திவலை போன்ற இழைகள் படரும். ஆல்கஹால் தோய்ந்த தாளால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். கண்ணாடியை அரித்த தழும்பு போகாது. தோலுறையில் காமிராவை வைப்பது பெட்டகத்தில் வைப்பதாகத் தோன்றும். உண்மையில் பூஞ்சணம் வளர அதைவிட நல்ல வயல் இல்லை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே நலம்.

மின்னொளிப் பெட்டி உள்ளே பொருத்திய காமிராவைத் தொடக்கக்காரர் திறக்க வேண்டாம். மின்கலம் எடுத்த பிறகும் அதன் மின்தேக்கியில் சுமார் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கக் கூடும்.

இனி முதற் சுருள். பன்னிரண்டு படங்களையும் ஒரே நாளில் எடுத்து, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் தூரத்தையும் எழுதி வைக்கவேண்டும். சிவப்புச் சாளரத்தை நேர்வெயிலில் காட்டாமல் கையால் மறைத்துக்கொள்க. அந்நாளைய பிலிம் சிவப்பொளியை உணராதது, இந்நாளைய பிலிம் உணரும். கழுவும் வேலையையும் வீட்டிலேயே செய்யலாம். அதற்கான நீர் இருபது பாகை வெப்பத்தில் இருப்பது சிறப்பு என்பர். சித்திரையில் எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகச் சூடாக வருகிறது. முதல் நாள் இரவே மண்பானையில் ஊற்றி வைத்து, விடியற்காலையில் வெப்பமானியால் அளந்து, கழுவும் நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுகிறேன்.