விரிப்புக்கும் இஸ்திரி வேண்டுமா?



சட்டைக்கும் புடவைக்கும் இஸ்திரி போட வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கட்டில் விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேசை விரிப்பு என்று வரும்போதுதான் வீட்டுக்கு வீடு வழக்கு. சுருக்கம் இல்லாத விரிப்பில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். படுத்தால் கசங்கப்போகிற துணிக்கு எதற்கு இந்தப் பாடு என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சியிலும் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் வேலையின் அளவைப் பாருங்கள். டபுள் காட் விரிப்பு சுமார் 90 அங்குலத்துக்கு 100 அங்குலம். ஐந்தரைச் சதுர மீட்டருக்கு மேல் துணி. ஒரு முழுக்கைச் சட்டைக்கு எடுக்கிற துணியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இதை வீட்டில் எங்கே வைத்துத் தேய்ப்பது? பழைய போர்வையை நான்காக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் விரிப்பின் ஒரு மூலையை வைத்துத் தேய்த்து, இழுத்து, அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதலில் தேய்த்த பக்கம் முழங்காலுக்கு அடியில் சிக்கிக் கசங்கியிருக்கும். ஒயர் எட்டாது. மின்சாரச் செலவு பெரிதில்லை. 1000 வாட் பெட்டியில் அரை மணி நேரம் தேய்த்தாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. போவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். அதுவும் பெரும்பாலும் யாருடைய ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்லத் தேவையில்லை. சுருக்கம் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்பவரே பெட்டியைக் கையில் எடுப்பது என்று வைத்துக்கொண்டால், பல வீடுகளில் இந்த வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தது எத்தனை நாள் நிற்கிறது? ஒரு ராத்திரி. இதற்குக் காரணம் பருத்தி நூலுக்குள்ளேயே இருக்கிறது. பருத்தி, செல்லுலோஸ் என்ற நீளமான மூலக்கூறுகளால் ஆனது. ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கிலிகள் அவை. ஈரம் பட்டால் அந்தப் பிடி தளரும். காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து, சூடு காட்டி, அழுத்தித் தேய்க்கிறோமே, அது பிடியைத் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்குகிற வேலை. ராத்திரி படுக்கையில் என்ன நடக்கிறது? வியர்வை ஈரம், உடம்புச் சூடு, அறுபது எழுபது கிலோ எடையின் அழுத்தம். மூன்றும் இருக்கின்றன. புரண்டு புரண்டு, விடிய விடிய நாமே அந்த விரிப்புக்குக் கோணல்மாணலாக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் ரயிலில் ஏ.சி. பெட்டியில் தருகிற விரிப்பு மட்டும் ஏன் மடிப்புக் கலையாமல் வருகிறது என்று கேட்கலாம். பழுப்புக் காகித உறையைக் கிழித்ததும் நாம் முதலில் பார்ப்பது அந்த மடிப்பைத்தான். நமக்கு முன்னால் அதில் யார் படுத்தார்கள், துவைத்தார்களா என்று நமக்குத் தெரியாது. தேய்த்த மடிப்புதான் அதற்குச் சாட்சி. ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் இதே கதை. முன்பின் தெரியாதவருக்கு, இது துவைத்ததுதான் என்று சொல்வதற்காகப் போடுகிற இஸ்திரி அது. அங்கேயும் யாரும் தரையில் உட்கார்ந்து தேய்ப்பதில்லை. பெரிய சலவைக்கூடங்களில் சூடான உருளைக்கு அடியில் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து சமமாக வந்துவிடும். நம் வீட்டு விரிப்பை எப்போது துவைத்தோம் என்று நமக்கே தெரியும். சாட்சி எதற்கு? ஆனால் விருந்தாளி வருகிறார், சம்பந்தி வீட்டார் வந்து தங்குகிறார்கள் என்றால் அவர்களுக்கு அந்தச் சாட்சி தேவைதான். அன்றைக்குத் தேய்த்துப் போடுங்கள். அது மரியாதை.

கிருமி சாகும் என்பதற்காகத் தேய்க்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. பருத்திக்கு வைக்கிற சூடு 200 டிகிரி வரை போகும். அதில் எந்தப் பூச்சியும் தாங்காது, உண்மைதான். ஆனால் தும்மல் வரவழைக்கிற தூசிச் சிலந்திப் பூச்சிகள் குடியிருப்பது மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும். விரிப்பைத் தேய்த்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. விரிப்பில் இருப்பவற்றுக்கு, 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலே போதும். படுக்கைத் துணியைக் கட்டாயம் தேய்த்தே ஆகவேண்டிய ஊர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அங்கே வெப்பமான பகுதிகளில் டும்பு என்றொரு ஈ, வெளியே காயப்போட்ட ஈரத்துணியில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு மனிதத் தோலுக்குள் புகுந்து கட்டி போல வீங்கவைக்கும். அதனால் உள்ளாடை, விரிப்பு எதையும் விடாமல் தேய்க்கச் சொல்வார்கள். நம் மொட்டை மாடியில் அந்தத் தொல்லை கிடையாது.

தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். பெரிய விரிப்புக்குத் தனிக் கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள். கரி நெருப்புக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று அந்த ஐந்தரைச் சதுர மீட்டரையும் தள்ளுவது லேசான காரியமில்லை. அந்தக் கரிப்புகையை நினைத்துத்தான் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-இல் சர்வதேசப் பரிசும் வாங்கினார்.

இஸ்திரியே இல்லாமல் விரிப்பு ஓரளவு நேராக இருக்க வேண்டுமென்றால், கவனிக்க வேண்டிய இடம் கொடி. மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிட வேண்டும்; முறுக்கிக்கொண்டு உள்ளேயே கிடந்தால் அந்த முறுக்கு அப்படியே நிலைத்துவிடும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பட்டென்று சத்தம் வர நாலு உதறு உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து இழுத்துக் கொடியில் போடுங்கள். காய்ந்ததும் அள்ளி நாற்காலியில் குவிக்காமல் கொடியடியிலேயே மடித்துவிடுங்கள். மடித்ததைப் பீரோவில் அடுக்கின் அடியில் வைத்தால் மேலே இருக்கிற துணிகளின் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். வாங்கும்போதும் பார்க்கலாம். சென்னிமலை விரிப்பு மாதிரி கனத்த கைத்தறியில் சுருக்கம் அவ்வளவாகக் கண்ணில் படாது. மெல்லிய பிரின்ட் பருத்தியில் ஒவ்வொரு கோடும் தெரியும். பாலியஸ்டர் கலந்தது அதிகம் கசங்காது. தேய்த்தாலும் சூட்டைக் குறைத்துத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பளபளவென்று தடம் விழும்.

தலையணை உறை என் விதிவிலக்கு. சின்னத் துணி, இரண்டு நிமிட வேலை, கன்னம் படுகிற இடம். கட்டிலைப் பார்க்கிறவர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். பூவேலை செய்த உறை என்றால் திருப்பிப்போட்டு, அடியில் ஒரு துண்டை விரித்துத் தேய்த்தால் பூ அமுங்காது. குளியல் துண்டைத் தேய்க்கவே வேண்டாம். அதன் நூல் வளையங்கள் படிந்துபோனால் தண்ணீரை உறிஞ்சாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் என் கட்சியை நானே விட்டுவிடுகிறேன். இரண்டு நாள் வீட்டுக்குள் கொடியில் கிடந்தும் ஓரத் தையலில் ஈரம் போகாத விரிப்பை அப்படியே மடித்து வைத்தால் முடைநாற்றம் வரும், கரும்புள்ளியும் விழும். அப்போது தேய்ப்பது சுருக்கத்துக்காக இல்லை, காயவைப்பதற்காக. தையல் ஓரங்களில் பெட்டியைக் கொஞ்சம் நிறுத்தி அழுத்துங்கள். தேய்த்த சூட்டோடு மடித்துவிடாதீர்கள், ஆவி உள்ளேயே தங்கிவிடும். கட்டில்மேல் விரித்துப்போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, கையால் தொட்டால் சூடு தெரியாத பிறகு பீரோவில் வையுங்கள்.