இரண்டு மேசைகள், ஒரு வெள்ளித் துண்டு



பால்மரம் வெட்டி, வாளியைச் சுமந்து வந்து நிறுக்கக் கொடுக்கிறீர்கள். அதே பால், ஒரு தராசில் ஓர் எடையும் இன்னொரு தராசில் வேறோர் எடையும் காட்டினால் சும்மா இருப்பீர்களா? “இது ஏன்?” என்று கேட்பீர்கள் அல்லவா?

அப்படியொரு கேள்விதான் 1934-ஆம் ஆண்டு இத்தாலியின் ரோம் நகரில் அணு விஞ்ஞானத்திற்குப் புதுவழி காட்டியது.

அணுவின் நடுவே இருப்பது அணுக்கரு. நியூட்ரான் என்பது மின்னேற்றம் இல்லாத ஒரு நுண்துகள். 1932-இல் இங்கிலாந்தில் சாட்விக் கண்டுபிடித்தது. என்ரிகோ ஃபெர்மியும் தோழர்களும் இந்த நியூட்ரான்களைப் பல பொருள்களின் மீது பாய்ச்சிப் பார்த்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? நியூட்ரானை விழுங்கிய வெள்ளியின் அணுக்கரு நிலைகுலைந்து கதிர் வீசும். அக்கதிர்களைக் கைகர் கருவி ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணிக்கை கூடினால், விழுங்கப்பட்ட நியூட்ரான்களும் கூடுதல் என்று பொருள்.

ஆனால் அந்தக் கதிர்வீச்சு நெடுநேரம் நிலைப்பதில்லை. அதில் ஒரு வகை 24 விநாடியிலும், மற்றொன்று சுமார் 2.4 நிமிடத்திலும் பாதியாகிவிடும். நியூட்ரான் தரும் பொருள் அருகிலிருந்தால் எண்ணிக்கை கெடும் என்று கருவியைத் தூரத்தில் வைத்திருந்தார்கள். ஆகவே வெள்ளியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓட்டமாய் ஓடினார்கள்!

ஒருநாள் அமால்டியும் பொண்டெகோர்வோவும் ஒரு விந்தையைக் கண்டார்கள். மர மேசையில் வைத்துச் சோதித்த வெள்ளி, பளிங்கு மேசையில் வைத்ததைவிட அதிகக் கதிர் வீசியது. “கணக்கில் பிழை” என்று அதை ஒதுக்கிவிடவில்லை. அக்டோபர் 22-ஆம் நாள் ஃபெர்மி இடையில் மெழுகுக் கட்டியை வைத்தார். எண்ணிக்கை பல மடங்கு ஏறியது!

காரணம் என்ன? ஒரு கோலி சம எடையுள்ள இன்னொரு கோலியில் மோதினால் வேகம் இழக்கும். ஹைட்ரஜன் அணுக்கரு ஏறக்குறைய நியூட்ரானின் எடையே உள்ளது. மெழுகிலும் மரத்திலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு. பளிங்கில் இல்லையென்றே சொல்லலாம். மெதுவாகிய நியூட்ரானை வெள்ளி எளிதில் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பணிக்காக 1938-இல் ஃபெர்மி நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் பாங்கியில் 1982 ஜூன் 28-இல் முதன்முதலாக இயங்கிய ஆராய்ச்சி அணு உலையிலும் நியூட்ரான்கள் இவ்வாறே மெதுவாக்கப்படுகின்றன. மண்ணிலும் தாதுவிலும் கலந்துள்ள பொருள்களை அங்கே நியூட்ரானைக் கொண்டு அளக்கிறார்கள்.

பெற்றோர்களே, பள்ளியில் செய்த சோதனையின் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை அழித்து எழுதினால் தடுங்கள். “எப்படி அளந்தாய், மறுபடி அளந்து பார்” என்று சொல்லுங்கள். ஒத்துப்போகாத எண்ணிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கலாம்.