ரவுட்டரில் கெட்டது ப்ராசஸரா, அடாப்டரா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நெட் அடிக்கடி நின்றுபோனால், பார்க்க வருபவர் சில சமயம் சட்டென்று சொல்லிவிடுவார்: "ப்ராசஸர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." சரி என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அடாப்டர். அதன் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பழசாகிவிட்டால், சும்மா அளக்கும்போது 12 காட்டும். ரவுட்டர் ஓடும்போது வோல்ட் இறங்கிவிடும். ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும். பார்ப்பதற்கு ப்ராசஸர் கோளாறு போலவே இருக்கும். அதே வோல்ட், அதே பின், அதே பிளஸ்-மைனஸ் அமைப்பு உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மாறினால் நல்ல ரவுட்டரும் போய்விடும்.

இரண்டாவது, சூடு. டிவி அலமாரிக்குள்ளோ, செட்டாப் பாக்ஸ் மேலோ வைத்திருந்தால் வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். மதியத்தில் தொங்கி, இரவில் ஒழுங்காக ஓடும் ரவுட்டருக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

மூன்றாவது, லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். அந்தப் பக்கம் தடங்கலின்றித் திறந்தால் ப்ராசஸர் வேலை செய்கிறது; வைஃபையையோ வெளி லைனையோ கவனியுங்கள். ஃபைபர் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக இருந்தால், ஃபைபர் லைனில் சிக்னல் வரவில்லை என்று பொருள்.

ப்ராசஸர் பக்கம் கோளாறே வராது என்று சொல்லவில்லை. 2017-இல் சிஸ்கோ நிறுவனம், தன் சில ரவுட்டர்களில் கடிகாரத் துடிப்பு தரும் பாகம் சுமார் 18 மாதங்களுக்குப் பிறகு செயலிழக்கலாம், அப்படி ஆனால் கருவி மறுபடி எழாது என்று அறிவித்தது. வாரண்டியில் இருந்தவற்றுக்கு மாற்றுக் கருவி தர முன்வந்தது. ஆகவே பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள், வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசுவது இந்தப் பெட்டி வழியாகத்தான். நெட் நின்ற பதற்றத்தில் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உங்கள் அடாப்டரை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.